கடனில்லாத பண்டிகையே களிப்பான பண்டிகை



தீபாவளி வந்தால் பிள்ளைகளுக்குப் புதுத் துணி வேண்டும். எண்ணெய்ச் சட்டி அடுப்பேற வேண்டும். பொங்கல் வந்தால் புதுப் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து வேண்டும். வருஷம் முழுவதும் வெயிலிலும் சேற்றிலும் பாடுபடுகிற குடும்பம் இரண்டு நாள் சந்தோஷமாக இருப்பதில் தப்பே கிடையாது. பண்டிகை வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் வீட்டுக்குள் நுழைகிற கடனைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம் 5,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். மாதம் 500 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். அடுத்த தீபாவளிக்குள் வட்டியாக மட்டும் 6,000 ரூபாய் போய்விடும். அசல் 5,000 அப்படியே நிற்கும்.

அந்த 500 ரூபாய் எங்கிருந்து வரும்? முட்டை ஒன்று 7 ரூபாய் என்று வைத்தால், இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் முழுவதும் தினம் ஒரு முட்டை கொடுக்க 420 ரூபாய் ஆகும். மீதி 80 ரூபாய்க்குக் கீரையும் நிலக்கடலையும் வாங்கலாம். ஒரு நாள் செலவுக்கு வாங்கின கடன், வளர்கிற பிள்ளையின் முட்டையை வருஷம் பூராவும் தின்கிறது.

பிள்ளையோடு இது நிற்பதில்லை. வீட்டில் தட்டுப்பாடு வந்தால், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற தாய்தான் முதலில் தன் வயிற்றைச் சுருக்குவாள். அவள் கர்ப்பிணியாகவோ, பால் கொடுப்பவளாகவோ இருந்தால் சேதம் இரண்டு உயிருக்கு.

எப்போது உட்கார்ந்து பேசுவது?

"ஏங்க, இந்த வருஷம் தீபாவளிக்கு எவ்வளவு ஆகும்?"

"வர்றப்ப பாத்துக்கலாம், புள்ள."

பல வீடுகளில் பேச்சு இத்தோடு முடிந்துவிடுகிறது. வர்றப்ப பார்த்தால் கண்ணில் படுவது வட்டிக் கடைதான். ஆடி பிறந்ததுமே கணவனும் மனைவியும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, பிள்ளையின் பழைய நோட்டில் செலவை எழுதுங்கள். ஆடி முதல் தேதியிலிருந்து தீபாவளிக்குக் குறைந்தது 13 வாரம் இருக்கிறது. வாரம் 300 ரூபாய் எடுத்து வைத்தால் 3,900 ரூபாய் சேரும். கூலி வாங்கின அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும். செலவு போக மிச்சத்தை வைக்கலாம் என்றால் மிச்சமே இருக்காது. மகளிர் சுய உதவிக் குழுவிலோ, தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கிலோ போட்டால் கை வைக்கத் தோன்றாது. தீபாவளிச் சீட்டு என்று யாராவது வந்தால், பதிவு பெற்ற சீட்டுதானா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த 3,900 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு பிள்ளைகளின் துணிக்கு 1,000, பெரியவர் ஒருவர் துணிக்கு 600, பலகாரத்துக்கு 900, பண்டிகைச் சாப்பாட்டுக்கு 700, பட்டாசுக்கு 300, விளக்கெண்ணெய், பூ, பூசைச் சாமானுக்கு 150, கைவசம் 250. இந்தத் தீபாவளிக்கு மனைவிக்குச் சேலை எடுத்தால், தைப்பொங்கலுக்குக் கணவருக்கு வேட்டி சட்டை. ஆடித் தள்ளுபடியில் எடுத்தால் இன்னும் மிச்சம். உங்கள் வருமானத்துக்கு ஏற்றபடி தொகையைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். ரம்ஜான், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற குடும்பங்களுக்கும் இதே கணக்குதான்.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

பிள்ளைகளின் பால், முட்டை, கர்ப்பிணியின் சாப்பாடு, முதியவரின் மருந்து, பள்ளிக்கூடச் செலவு – இந்த நான்கிலும் பண்டிகைக்காகக் கை வைக்கவே கூடாது.

கடை இனிப்பைக் குறைக்கலாம். எள்ளுருண்டை, கடலை உருண்டை, பாசிப்பயற்று மாவுருண்டை இவற்றை வீட்டிலேயே செய்யலாம். பயறும் கடலையும் புரதச் சத்து உள்ளவை. எள்ளில் சுண்ணாம்புச் சத்து உண்டு. நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே அடுப்பில் முறுக்கு சுட்டால் விறகும் எண்ணெயும் மிச்சம், வேலையும் லேசு. மாவு பிசைய, தேங்காய் துருவ, தண்ணீர் எடுக்க ஆண்களும் கை கொடுங்கள். வீடே கொண்டாடுகிற நாளில் அவள் மட்டும் அடுப்படியில் வேகலாமா?

பட்டாசைக் குறைக்கலாம். பிள்ளைகள் வெடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். மை, மாவு, பற்பசை எதையும் தடவாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.

மது விஷயத்தில் குறைப்பு என்ற பேச்சே வேண்டாம், அடியோடு விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு என்று வாரவாரம் சேர்த்த காசு ஒரே சாயங்காலத்தில் மதுக்கடைக்குப் போனால், அந்த வீட்டில் பண்டிகை முதல் நாளே முடிந்து போகிறது.

தலைதீபாவளிக்கு ஒரு சொல்

புதிதாய்க் கல்யாணமான தம்பிகளே! பெண்ணைக் கட்டிக் கொடுத்த கடனே அடையாத வீட்டில், தலைதீபாவளிக்கு மோதிரம், பொங்கலுக்குச் சீர் என்று மாமனார் மறுபடி கடன் வாங்குகிறார். வாய் திறந்து அவர் சொல்ல மாட்டார். நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். "மாமா, மோதிரமெல்லாம் வேணாம். நாங்க வந்து ரெண்டு நாள் உங்ககூட இருக்கோம், அது போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். உங்கள் மனைவியின் முகத்தில் தெரிகிற நிம்மதிக்கு எந்த மோதிரமும் ஈடாகாது.

ஏற்கெனவே கடன் இருந்தால்

இந்த வருஷப் பண்டிகையைச் சுருக்கி முதலில் அசலில் ஒரு பகுதியை அடையுங்கள். குழுக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் சட்டம் வந்திருக்கிறது. யாராவது மிரட்டினால் பயந்து ஒளிய வேண்டாம். காவல் நிலையத்திலோ, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளிலோ மனுக் கொடுங்கள்.

பணம் கேட்காத கொண்டாட்டம்

வாசலில் பெரிய கோலம் போட மாவு ஒரு பிடி போதும். பொங்கப் பானை பொங்கும்போது வீடே கூடி நின்று குலவையிடக் காசு வேண்டாம். மாட்டைக் குளிப்பாட்டிப் பிள்ளைகளை விட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசச் சொல்லுங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் காலத்துப் பொங்கலைப் பேசச் சொல்லுங்கள். தனியாக இருக்கிற பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்து அனுப்புங்கள். வளர்ந்த பிறகும் பிள்ளைகள் மனதில் தங்குவது இவைதான்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. சிக்கனமாகக் கொண்டாடுகிறவரைக் கஞ்சன் என்று ஊர் ஒரு நாள் சொல்லும். வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது அதே ஊர் வேடிக்கைதான் பார்க்கும். ஆகவே கணவனும் மனைவியும் கலந்து பேசுங்கள், முன்கூட்டிச் சேருங்கள், கையில் உள்ளதைக் கொண்டு கொண்டாடுங்கள்.

கடன் வாங்காத வீட்டில்தான் பண்டிகை முடிந்த பிறகும் அடுப்பு அணையாமல் எரியும்!