ஃபுட்பால்னு பேரு, பந்து கையில... அமெரிக்க கால்பந்தைப் புரிந்துகொள்ள ஒரு ‘பத்து யார்டு’ கணக்கு

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, அதிகாலை 5 மணி. களமருதூரில் கறந்த பாலை சொசைட்டிக்கு எடுத்துப்போகும் நேரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது ஞாயிறு மாலை ஆறரை. ‘சூப்பர் பவுல்’ தொடங்குகிறது. அந்த நாட்டில் வேறெந்த டிவி நிகழ்ச்சியையும்விட அதிகம் பேர் பார்ப்பது இந்த ஒரு ஆட்டத்தைத்தான். செல்போனில் அது தற்செயலாக ஓடினால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “என்னாடா இது, ஃபுட்பால்னு போட்டிருக்கு... பந்தைக் கையில வெச்சிக்கிட்டு ஓடுறான்?”

நியாயமான கேள்விதான். 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகள் மோதியபோது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமதி இல்லை. நிஜமாகவே கால்பந்து மாதிரிதான் ஆடினார்கள். பிறகு ரக்பி உள்ளே வந்தது. பந்து கைக்குப் போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஏரி தூர்ந்து வீடு வந்த பிறகும் அந்தத் தெருவை ‘ஏரிக்கரைத் தெரு’ என்றே சொல்வதில்லையா, அப்படி.

பெயரை விட்டுவிடுவோம். இந்த ஆட்டம் அடிப்படையில் நிலத்துக்கான சண்டை. அதைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

1 ஏக்கர் 32 சென்ட்

மைதானத்தின் நீளம் 100 யார்டு. யார்டு என்றால் நம் பழைய கெஜம்தான், 3 அடி. இரண்டு முனையிலும் தலா 10 யார்டுக்கு ‘எண்ட் ஸோன்’ என்ற கடைசிப் பகுதி உண்டு. அகலம் 160 அடி. மொத்தமாகப் பெருக்கினால் 57,600 சதுர அடி, நம் கணக்கில் சுமார் 1 ஏக்கர் 32 சென்ட். ஒரு பக்கத்துக்கு 11 பேர். எதிரணி காக்கும் எண்ட் ஸோனுக்குள் பந்தோடு போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் ‘டச் டவுன்’, 6 புள்ளி.

ஒரே ஓட்டத்தில் போக எதிரணி விடாது. அதனால் நிலத்தைத் தவணை முறையில்தான் பிடிக்க வேண்டும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அந்த நான்குக்குள் 10 யார்டாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் கணக்கு புதுசு: மறுபடி நான்கு வாய்ப்பு, மறுபடி 10 யார்டு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. இந்த ஒவ்வொரு வாய்ப்புக்கும் பெயர் ‘டவுன்’.

ஓர் அணிக்குத் தன் எல்லையிலிருந்து 30 யார்டில் பந்து கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் டவுனில் ஒருவர் பந்தோடு ஓடி 3 யார்டு எடுக்கிறார், அதற்குள் அமுக்கிவிடுகிறார்கள். இப்போது டிவியில் ‘செகண்ட் அண்ட் செவன்’ என்று வரும். இரண்டாவது வாய்ப்பு, பாக்கி 7 யார்டு என்று அர்த்தம். இந்த முறை பந்தை வீசுகிறார்கள். பிடிக்க வேண்டியவர் கையில் சிக்காமல் தரையில் விழுகிறது. நிலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒரு வாய்ப்பு மட்டும் போச்சு. மூன்றாவதில் 6 யார்டு. மீதி ஒரே ஒரு யார்டு. கையில் ஒரே ஒரு வாய்ப்பு.

புரோ கபடி பார்ப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காவிட்டால் மூன்றாவது ‘டூ ஆர் டை’. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். நான்காவது டவுனும் அதுபோலத்தான், ஆனால் இங்கே தப்பிக்க வழி உண்டு. துணிந்து ஆடலாம், தோற்றால் எதிரணி அதே இடத்திலிருந்து, நம் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலிருந்தே, தாக்கத் தொடங்கும். அல்லது ‘போனாப் போகுது’ என்று பந்தைத் தூர உதைத்து, எதிரணியை அதன் எல்லை வரை பின்னுக்குத் தள்ளிவிடலாம். இதற்குப் பெயர் ‘பன்ட்’. கோல் கம்பம் கிட்டே இருந்தால், கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி பார்க்கலாம். அதுதான் ‘ஃபீல்டு கோல்’. எதைச் செய்வது என்பதில்தான் பயிற்சியாளர்களின் வேலையே போகிறது. மறுநாள் அமெரிக்க டீக்கடைகளில் நடக்கும் சண்டையும் இதைப் பற்றித்தான்.

10 யார்டு வந்துவிட்டதா என்பதில் சந்தேகம் வந்தால் சர்வேயர் மாதிரி சங்கிலி கொண்டுவந்து அளப்பார்கள். இரண்டு கம்புக்கு நடுவே சரியாக 10 யார்டு சங்கிலி. 2025 முதல் என்எஃப்எல் தொழில்முறைப் போட்டிகளில் கேமராக்களே அளக்கின்றன. ஆனாலும் சங்கிலிக்காரர்கள் ஓரத்தில் நிற்கத்தான் செய்கிறார்கள். டிவியில் புல்மேல் தெரியும் மஞ்சள் கோடு மைதானத்தில் கிடையாது. நமக்காகக் கம்ப்யூட்டர் போடும் கோடு அது.

யார் என்ன செய்கிறார்கள்?

தாக்கும் அணியில் முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து தடித்த ஆட்கள் மதில் சுவர். நடுவில் இருப்பவர் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தருவார். ஆட்டம் அந்த நொடியில் தொடங்கும். வாங்குபவர் ‘குவார்ட்டர்பேக்’. கேப்டன், மூளை, எல்லாம் அவர்தான். பந்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து ஓடச் சொல்லலாம், அல்லது முன்னால் ஓடும் ஒருவருக்கு வீசலாம். முன்னோக்கி வீசுவது ஒரு டவுனில் ஒருமுறைதான், அதுவும் பந்து வைக்கப்பட்ட கோட்டுக்குப் பின்னால் நின்று. வீசிய பந்தை எதிரணி பிடித்துவிட்டால் ‘இன்டர்செப்ஷன்’, பந்து அவர்களுடையது. ஓடுபவர் கைநழுவ விட்டால் ‘ஃபம்பிள்’, யார் அமுக்கினாலும் அவர்களுக்கு.

தாக்குபவர்கள் வேறு, தடுப்பவர்கள் வேறு, உதைப்பதற்கென்றே வேறு ஆட்கள். என்எஃப்எல் அணி ஒன்றில் 53 பேர். ஒவ்வொரு டவுன் முடிந்ததும் நின்று, கூடிப் பேசி, ஆளை மாற்றி, மறுபடி தொடங்குவார்கள். அதனால்தான் 60 நிமிட ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகிறது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் தரும் விஷயம் இதுதான், அதில் தப்பில்லை. நடுவர் மஞ்சள் துணியை எறிந்தால் ஃபவுல். தண்டனையும் நிலம்தான்: 5, 10, 15 யார்டு பின்னால் போ.

28-3 என்ற ஒரு கதை

புள்ளிக் கணக்கைப் புரிந்துகொள்ள 2017 பிப்ரவரி 5 சூப்பர் பவுல் ஆட்டத்தை விட நல்ல பாடம் இல்லை. ஹூஸ்டனில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் மூன்றாவது கால் பகுதியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை 28-3 என்று வைத்திருந்தது. ரசிகர்கள் பலர் எழுந்து போகிற நிலை. பேட்ரியாட்ஸ் ஒரு டச் டவுன் போட்டது, 6. டச் டவுனுக்குப் பின் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு: உதைத்தால் 1, மறுபடி எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் 2. உதைத்தார்கள், தவறிவிட்டது. 28-9. ஒரு ஃபீல்டு கோல், 28-12. பிறகு டச் டவுன், இம்முறை துணிந்து 2 புள்ளி: 28-20. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது இன்னொரு டச் டவுன், மறுபடி அந்த 2. 28-28. கூடுதல் நேரத்தில் ஒரு டச் டவுன், 34-28. முடிந்தது.

இதில் வராத இன்னொன்று ‘சேஃப்டி’. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே அமுக்கினால், அமுக்கிய அணிக்கு 2 புள்ளி. அபூர்வமாக நடக்கும்.

பத்து யார்டு எங்கிருந்து வந்தது?

இந்த 10 யார்டு விதிக்குப் பின்னால் சாவு இருக்கிறது. ஆரம்பத்தில் மூன்று டவுனில் 5 யார்டு எடுத்தால் போதும். பந்தை முன்னோக்கி வீசவும் முடியாது. அப்புறம் என்ன செய்வார்கள்? எல்லோரும் கொத்தாகச் சேர்ந்து முட்டித் தள்ளினார்கள். ஹெல்மெட்கூடக் கட்டாயமில்லாத காலம் அது. 1905ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அடுத்த ஆண்டு விதி மாறியது: முன்னோக்கி வீசலாம், 5 யார்டு 10 ஆனது. தூரம் கூடினால் முட்டி மோதி எடுக்க முடியாது, ஆட்டம் விரிந்து பரவும் என்பது கணக்கு. நான்காவது டவுன் 1912இல் சேர்ந்தது.

சாவு குறைந்தது, சேதம் நிற்கவில்லை. நான்கு சூப்பர் பவுல் வென்ற மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். நினைவு குழம்பி, வீடில்லாமல் வண்டியில் தூங்கிய நாட்கள் அவருக்கு இருந்தன. அவர் மூளையை ஆராய்ந்த நைஜீரிய வம்சாவளி மருத்துவர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்பத் தலையில் படும் அடியால் வரும் சிடிஇ என்ற மூளைச் சிதைவைக் கண்டார். 2017இல் வெளியான ஆய்வில், முன்னாள் என்எஃப்எல் வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் அது இருந்தது. நோய் அறிகுறி பார்த்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்திருப்பார்கள், ஆகவே எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 110 சின்ன எண் இல்லை. 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013இல் 76.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு என்எஃப்எல் ஒப்புக்கொண்டது. பிறகு அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

நம்ம ஊருக்கு வருமா?

ஒருமுறை வந்து பார்த்தது. 2012இல் ‘எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ என்ற போட்டி தொடங்கியது. புனே, டெல்லி, கொல்கத்தா அணிகளோடு கொழும்புக்கும் ஓர் அணி. முதல் கோப்பை புனே மராத்தாஸுக்கு. கபடி, ரக்பி ஆடிய பையன்களுக்கு ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிவிட்டார்கள். லீக் ஊன்றி நிற்கவில்லை.

இப்போது வருவது வேறு வடிவம். 2023 அக்டோபர் 16, மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்தது. கிரிக்கெட் சத்தத்தில் மற்றவை அமுங்கிப்போயின. அவற்றில் ஒன்று ‘ஃப்ளாக் ஃபுட்பால்’. மோதல் கிடையாது, ஹெல்மெட் கிடையாது. இடுப்பில் ரிப்பன் தொங்கும். பந்து வைத்திருப்பவரின் ரிப்பனை உருவினால் அந்த டவுன் முடிந்தது. ஐந்து பேர் அணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டி. உதைப்பதே இல்லை. நான்கு டவுனில் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், இன்னொரு நான்கில் டச் டவுன் போட வேண்டும். பந்து வைத்திருப்பவர் ரிப்பனைக் கையால் மறைத்தால் ஃபவுல்.

அதாவது பிடி கொடுக்காமல் உடம்பை வளைத்து நழுவும் வித்தை. சடுகுடு ஆடிய ஊரில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கபடிக் களம் 3 சென்ட் இடத்தில் அடங்கும். இதற்கு 70 யார்டு நீளம், 25 யார்டு அகலம், சுமார் 36 சென்ட் வேண்டும். களமருதூரிலோ, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலோ, ஒரு பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் ஆடலாம். செலவு ஒரு நீள்வட்டப் பந்தும், பத்து பெல்ட்டும்.

2028 ஜூலை 14 அன்று ஒலிம்பிக் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை 6 மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. பால் ஊற்றிவிட்டு வந்து உட்காரலாம்.