கீமோ முடிந்த பத்தாம் நாள்

கீமோ ஏற்றிய அன்று வீட்டில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. வாந்தி வருமா, கஞ்சி இறங்குமா என்று எல்லோரும் கூடவே நிற்பார்கள். ஒரு வாரம் கழிந்து ஆள் சற்றுத் தெளிந்ததும் கவனம் தளர்ந்துவிடும். ஆபத்தான நாட்கள் தொடங்குவது அப்போதுதான்.

கீமோ மருந்து புற்றுச் செல்களோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் இருக்க வேண்டியவை 500க்கும் கீழே போய்விடலாம். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெள்ளை அணுக்கள்தான். அவையே இல்லாதபோது புண்ணில் சீழ் கட்டாது, அதிகம் சிவக்காது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தாலும் வெளியே தெரியும் அடையாளம் பல நேரம் காய்ச்சல் ஒன்றே. அந்தத் தொற்று சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சரித்து உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால்தான், நோயாளி மருத்துவமனையில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தநாளம் வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும் என்கிறது மருத்துவம்.

இந்த ஒரு மணி நேரம்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிக்கல். இங்கிருந்து ஏராளமானோர் களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரத்திலுள்ள புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் சிகிச்சை பெறுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து அது ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரவு பதினோரு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது: “அம்மைக்கு லேசா மேலு சுடுது. ஒரு பாரசிட்டமால் குடு. விடியட்டும், திருவந்தரம் போவலாம்.”

பாரசிட்டமால் தெர்மாமீட்டரில் எண்ணை இறக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. வாயில் வைத்துப் பார்த்து 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, 24 மணி நேரமும் மருத்துவர் இருக்கும் பக்கத்து மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வசதியுள்ள வேறெதுவோ, வாசலிலேயே “கீமோ எடுத்தவர், காய்ச்சல்” என்று சொல்லிவிட வேண்டும். முதல் டோஸ் அங்கே ஏறட்டும். மேற்கொண்டு எங்கே என்பதைப் பிறகு பார்க்கலாம். தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதும் கூடாது. பிளேட்லெட் குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் காய்ச்சலே வராமல் போகலாம்; குளிர் நடுக்கம், பேச்சில் தடுமாற்றம், எழ முடியாத சோர்வு ஆகியவையும் அதே அளவு அவசரம்.

நெய்யூர் தந்த பாடம்

இந்த மண்ணுக்குப் புற்றுநோய் புதிதல்ல. இம்மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1933இல் ஓர் (Orr) என்ற மருத்துவர், இங்குள்ள வாய்ப்புற்றையும் வெற்றிலை போடும் பழக்கத்தையும் இணைத்து லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார். அதே மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை மருத்துவராக இருந்தவர் ஹோவர்ட் சோமர்வெல்.

எவரெஸ்ட் உச்சியை எட்ட முயன்றவர் அவர். 1924 ஜூன் 4 அன்று 28,000 அடியை ஒட்டிய உயரத்திலிருந்து இறங்கும்போது, கடுங்குளிரில் வெந்து உரிந்த தொண்டைச் சவ்வு அவரது மூச்சுவழியை அடைத்துவிட்டது. உட்கார்ந்து, இரு கைகளாலும் நெஞ்சை அழுத்தி, கடைசியாக ஒருமுறை இருமியதில் அது வெளியே வந்து விழுந்தது, பிழைத்தார். தொண்டைப் புற்று உள்ளவருக்கு அப்படி வாய்க்காது. கட்டி இருமலுக்கு வெளியே வராது. மூச்சை உள்ளிழுக்கும்போது கிறீச்சென்ற சத்தம், மல்லாந்து படுக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை: இவை தெரிந்தால் தண்ணீர்கூடக் கொடுக்காமல், நிமிர்ந்து உட்காரவைத்து 108ஐ அழைக்க வேண்டும். வாய்ப்புண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டால் தலையை முன்னால் சாய்த்து, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி கிளம்ப வேண்டும்.

முதுகுவலிக்குத் தடவலா?

முதுகு பிடித்தால் வர்ம ஆசானிடம் போய்த் தடவிக்கொள்வது குமரி மாவட்டத்தின் பழைய வழக்கம். ஆனால் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள் முதுகெலும்புக்குப் பரவுவதுண்டு. செல்லரித்த உத்தரம்போல் இருக்கும் எலும்பை அழுத்தினால் நொறுங்கும். படுத்தால் கூடும் வலி, இருமினால் சுண்டும் வலி, நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியது போன்ற இறுக்கம் ஆகியவை தண்டுவடம் நசுங்கத் தொடங்கியதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். கால் தளர்வதும் சிறுநீர் அடைபடுவதும் அடுத்த கட்டம். நடக்க முடிகிற நிலையிலேயே ஸ்டீராய்டும், அதோடு கரண்டு வைப்பதோ (கதிர்வீச்சு) அறுவையோ கிடைத்தால் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்கச் செயலிழந்தபின் வருபவர்களில் எழுந்து நடப்பவர்கள் குறைவு.

மற்ற பக்கவிளைவுகளில் பலவற்றை வீட்டிலேயே சமாளிக்கலாம். கரண்டு வைத்து வாய் வெந்தவர், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். எரிப்பில்லாத பயறுக்கஞ்சியும், நன்றாக மசித்த மரச்சீனிக் கிழங்கும் இறங்கும். வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் வயிற்றோட்டம் போனால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு நிறுத்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம் மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். முகமும் கழுத்தும் வீங்கினால் நெஞ்சிலுள்ள பெருநாளம் நசுங்கியிருக்கலாம். இரண்டுக்கும் அன்றே சிகிச்சை வேண்டும்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், கடைசிக் கீமோவின் தேதியும் மருந்தின் பெயரும் எழுதிய தாள், சிகிச்சைக் கோப்பின் நகல், இரவில் கூப்பிட ஒரு வண்டி ஆகியவை தயாராக இருக்கட்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற வாக்குவாதத்தையும் காய்ச்சல் வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.