பட்டன் தேயாத கிழட்டு டயர்!

டயர் கறுகறு என்று பளபளக்கிறது. பட்டன் தேயவே இல்லை. விரலை வைத்தால் நகம் முழுவதும் உள்ளே போகிறது. "புது டயர் மாதிரி இருக்கிறதே!" என்று யாரும் சொல்லுவார்கள்.

அந்த டயரில் ஏறிப் போகலாமா?

அமெரிக்காவில் "மோட்டார் வீடு" வைத்திருப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மோட்டார் வீடு என்றால் பஸ் போன்ற வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, குளியல் அறை எல்லாம் உண்டு. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின்போது ஓய்வு எடுக்கும் "கேரவன்" வண்டியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வகைதான். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கணவன்–மனைவி இந்த வண்டியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது அங்கே சகஜம். குளிர் காலத்தில் அரிசோனா, புளோரிடா போன்ற வெயில் பகுதிகளில் போய்த் தங்குவார்கள். மற்ற மாதங்களில் வண்டி சும்மா நிற்கும்.

சும்மா நிற்பதில்தான் ஆபத்து இருக்கிறது!

விலை பேசிய வண்டி

அப்படி ஒரு தம்பதி, பழைய மோட்டார் வீடு ஒன்றை விலை பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013–ம் ஆண்டு செய்த வண்டி. மொத்தமே 18 ஆயிரம் மைல்தான் ஓடி இருக்கிறது. விற்பவர் டயரைக் காலால் தட்டிக் காட்டுகிறார். "பட்டனைப் பாருங்கள்! இன்னும் பல வருஷம் வரும்" என்கிறார்.

கணவருக்குத் திருப்தி. மனைவி மட்டும் கீழே குனிந்து பார்க்கிறாள். டயரின் பக்கச் சுவரில், மெல்லிய கீறல்கள். வெயிலில் வற்றிய குளத்து மண் வெடித்திருக்குமே, அது போல!

"இது என்ன?" என்று கேட்கிறாள்.

"எல்லா டயரிலும் இருப்பதுதான்" என்கிறார் விற்பவர்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று தெரிந்துகொண்டால்தான் அந்த வண்டியில் ஏறலாம்.

ரப்பர் ஏன் வெடிக்கிறது?

ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவினார்கள். அந்தப் பால்தான் ரப்பர் ஆகிறது. லாரி, பஸ் டயர்களில் இன்றும் மரத்து ரப்பர் நிறையச் சேருகிறது.

ரப்பருக்கு ஒரு விரோதி உண்டு. அதன் பெயர் ஓசோன். வானத்தில் உயரே இருக்கும் ஓசோன், வெயிலின் கொடுமையில் இருந்து நம்மைக் காப்பாற்றுகிறது. தரையை ஒட்டிய காற்றிலும் அது கொஞ்சம் கலந்து இருக்கிறது. இந்த ஓசோன் ரப்பரின் நீண்ட இழைகளைத் துண்டித்துவிடும். ரப்பர் எங்கே இழுபட்டு நிற்கிறதோ, அங்கே கீறல் விழும். டயரின் பக்கச் சுவர் எப்போதும் பிதுங்கி, இழுபட்டு நிற்கிறது. அதனால்தான் அங்கே முதலில் வெடிக்கிறது.

இதற்கு டயர் கம்பெனிகள் ஒரு மருந்து வைத்திருக்கின்றன. ரப்பரோடு மெழுகும், ஓசோனைத் தடுக்கும் ரசாயனமும் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி நசுங்கி நிமிரும். அப்போது உள்ளே இருக்கும் மெழுகு கசிந்து மேலே வந்து படியும். சட்டை போட்டதுபோல டயரை மூடிக்கொள்ளும்.

வண்டி ஓடாவிட்டால்? மெழுகு சரியாக வராது. டயர் வெயிலில் வெறும் உடம்போடு நிற்கும். தினமும் ஓடும் டயர் பட்டன் தேய்ந்து போகிறது. ஓடாத டயர் பட்டன் தேயாமலே கெட்டுப்போகிறது!

விற்பவர்கள் சிலர் டயருக்குப் பளபளக்கும் மினுக்கு எண்ணெய் தடவுவது உண்டு. கீறல் மறைந்துவிடும். ஆனால் பெட்ரோலியத்தில் செய்த எண்ணெயாக இருந்தால், அது காவலுக்கு நின்ற மெழுகையும் அல்லவா துடைத்துக்கொண்டு போகிறது! பளபளப்பைக் கண்டால் சந்தேகப்படுவதே நல்லது.

கீறல் எவ்வளவு ஆழம்?

கீறல் உள்ள டயரை எல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று இல்லை. மோட்டார் வீட்டு டயர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு அங்குலத்தை 32 பங்கு வைத்தால், ஒரு பங்கு ஆழத்துக்கும் குறைந்த கீறல் பாதகம் இல்லை. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சந்தேகம். டயர் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். இரண்டு பங்கைத் தாண்டினால் உடனே கழற்ற வேண்டியதுதான்.

கீறலுக்குள் நூலோ, கம்பியோ தெரிந்தால் பேச்சே வேண்டாம். பக்கச் சுவரில் கொப்புளம்போல வீங்கி இருந்தாலும் அப்படியே.

ஆனால் ஒன்று. கீறல் வெளியே தெரிகிற சுருக்கம்தான். நோய் உள்ளே இருக்கலாம். டயருக்குள் அடைத்த காற்று, ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. அதில் உள்ள பிராண வாயு, பட்டனுக்கு அடியில் இருக்கும் இரும்புக் கம்பிப் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரப்பரை வறளச் செய்கிறது. ஒரு நாள் நல்ல வெயிலில், வேகமாகப் போகும்போது, பட்டை பிரிந்து உரித்துக்கொண்டு வந்துவிடும். இது நடக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம்.

ஆகவே, கீறல் இருந்தால் பயப்படுவது சரி. கீறல் இல்லை என்று நிம்மதியாகத் தூங்குவது சரி அல்ல.

வெயில் இதை விரைவாக்கும். 2002 முதல் 2006 வரை ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வந்த கணக்குகளை அமெரிக்க சர்க்கார் எடுத்துச் சொல்லி இருக்கிறது. அந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களில் 100–க்கு 27 பேர்தான் டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய 5 வெயில் மாநிலங்களில் இருந்தார்கள். ஆனால் டயர் சம்பந்தமாகப் பணம் கேட்டு வந்த மனுக்களில் 100–க்கு 77 அந்த மாநிலங்களில் இருந்து வந்தவை! அவற்றிலும் 84 சதவீதம், 6 வயதைத் தாண்டிய டயர்கள்.

டயருக்குப் பிறந்த தேதி உண்டு

அப்படியானால் டயரின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? டயரே சொல்லும்.

பக்கச் சுவரில் "டி.ஓ.டி." என்ற எழுத்துக்களில் தொடங்கி ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 3214 என்று இருந்தால், 2014–ம் ஆண்டு 32–வது வாரத்தில் செய்த டயர். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000–க்கு முன்பு செய்தது. அதைத் தொடவே வேண்டாம்.

ஒரு பக்கத்தில் தேதி இல்லாவிட்டால், மறு பக்கத்தில் இருக்கும். மோட்டார் வீட்டில் பின்னால் ஜோடி ஜோடியாக 4 டயர்கள். சில சமயம் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச்சு அடித்துத்தான் பார்க்க வேண்டும். கோட்டு அழுக்காகும். பரவாயில்லை!

எத்தனை வயதுவரை ஓட்டலாம்? அமெரிக்காவில் தனியார் வண்டிகளின் டயருக்கு வயது வரம்பு வைத்து, நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் கிடையாது. கார், டயர் கம்பெனிகளில் சில 6 வருடம் என்கின்றன. சில 10 வருடம் என்கின்றன. மிஷலின் கம்பெனி, 5 வருடம் ஆனதில் இருந்து ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டு, 10 வருடம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்று என்று சொல்கிறது. ஸ்டெப்னி டயருக்கும் இதே கணக்குத்தான்.

மகனைவிட மூத்த டயர்

"சட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள், இங்கிலாந்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2012 செப்டம்பர் மாதம். வைட் தீவில் நடந்த இசை விழாவைப் பார்த்துவிட்டு, வாலிபர்களும் பெண்களும் ஒரு பஸ்ஸில் லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டு இருந்தார்கள். இரவு நேரம். சர்ரே வட்டாரத்தில் பஸ்ஸின் முன் டயர் வெடித்தது. பஸ் சாலையை விட்டு ஓடி மரத்தில் மோதியது. டிரைவரும், 23 வயதுப் பெண்ணும், 18 வயது வாலிபரும் இறந்தார்கள்.

வெடித்த டயரை எடுத்துப் பார்த்தார்கள். பட்டன் சட்டப்படி சரியாகவே இருந்தது. ஆனால் டயருக்கு வயது 19–க்கு மேல். இறந்த வாலிபரைவிட மூத்த டயர்!

அந்த வாலிபரின் தாயார் சும்மா இருக்கவில்லை. பழைய டயர்களைத் தடை செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். கடைசியில் 2021 பிப்ரவரி 1–ந் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது. பிரிட்டனில் லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் 10 வயதுக்கு மேற்பட்ட டயர் போடக்கூடாது. அதற்கு அந்தத் தாய் கொடுத்த விலையை யாரால் கணக்கிட முடியும்?

அமெரிக்க மோட்டார் வீடுகளுக்கும் ஒரு கதை உண்டு. குட்இயர் கம்பெனி 1996 முதல் 2003 வரை செய்த ஒரு ரக டயர், மோட்டார் வீடுகளில் பொருத்தப்பட்டது. 1998 முதல் 2015 வரை அந்த டயர்கள் பழுதாகி 8 பேர் இறந்தார்கள், 69 பேர் காயம் அடைந்தார்கள் என்று சர்க்கார் இலாகா கூறியது. 2022 ஜூன் மாதம் சுமார் 1 லட்சத்து 73 ஆயிரம் டயர்களைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது. டயரில் குறை இல்லை; காற்றுக் குறைவும் அதிகப் பாரமுமே காரணம் என்பது கம்பெனியின் வாதம்.

காற்றும் பாரமும்

அந்த இரண்டும் எந்த டயரையும் கொல்லும் என்பது உண்மையே. பெரிய மோட்டார் வீடு 10 டன்னைத் தாண்டும். கார் டயருக்குக் காற்று 30, 35 பவுண்டு போதும். இதற்கு 80 முதல் 110 வரை வேண்டும். காற்றுக் குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கும், சூடாகும். தட்டிப் பார்த்தால் தெரியாது. அளவு பார்க்கும் கருவி வைத்து, டயர் குளிர்ந்து இருக்கும்போது பார்க்க வேண்டும். தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு லாரி எடைமேடையில் வண்டியை நிறுத்தி எடை போடுவது மிகவும் நல்லது.

போகும்போது முன் டயர் வெடித்துவிட்டால்? காலைத் தூக்கிப் பிரேக்கை மிதிக்கத்தான் தோன்றும். மிதிக்கக்கூடாது! ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். கனமான வண்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி வண்டியை நேராக்கிவிட்டு, பிறகு மெதுவாகக் காலை எடுக்கச் சொல்லுகிறார்கள்.

வண்டி விலை பேசிய தம்பதி என்ன செய்வார்கள்? மனைவி டார்ச்சு எடுத்து வந்து பார்க்கிறாள். ஆறு டயரிலும் ஒரே எண்: 0813. வண்டியோடு வந்த டயர்கள்! புது டயர் ஆறும் வாங்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்கிறாள். விற்பவர் முகத்தைச் சுளிக்கிறார். பிறகு ஒப்புக்கொள்கிறார்.

டயர் கடையில் புது டயர்களையும் அவள் சும்மா விடவில்லை. எண்ணைப் பார்த்த பிறகே மாட்டச் சொல்கிறாள். கழற்றிய ஆறும் ஓரமாகக் கிடக்கின்றன. பட்டன் அப்படியே இருக்கிறது. யாராவது ஏழை லாரிக்காரர் மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்வார். அதனால் ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் துளை போட்டுவிடும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவள் வண்டியில் ஏறுகிறாள்.