வீட்டுக் கடனும் மின்கட்டணமும்

நாக்பூரில் மே மாதம் எப்படி இருக்கும் என்று நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் கூலருக்குத் தண்ணீர் ஊற்றி மாளாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவரை எனக்கு அது பெரிய கவலையாக இல்லை. 1998-ல் சொந்தமாக ஒரு பிளாட் வாங்கினேன். நான்கு மாடிக் கட்டடத்தில் மேல் மாடி. கீழ் மாடிகளைவிட விலை குறைவு என்று சந்தோஷப்பட்டேன். ஏன் குறைவு என்பது முதல் கோடையிலேயே விளங்கிவிட்டது. இரவு பதினோரு மணிக்கும் கூரைத் தளம் தோசைக்கல் மாதிரி சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

"கடன் கொடுத்தவங்க ஒரு நாள் மத்தியானம் வந்து இந்த ஹாலில் உட்கார்ந்து பார்க்கட்டுங்க" என்று என் மனைவி அப்போது சொன்னாள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு யோசித்துப் பார்க்கையில், அரசாங்கத்தின் வீட்டுவசதிக் கொள்கையிலும் மின்சாரக் கொள்கையிலும் உள்ள முக்கியமான ஓட்டையை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள் என்றே தோன்றுகிறது.

முதலில் கடன் விஷயம். வீடு கட்டக் கடன் என்பது நம் தாத்தா காலத்தில் நகையை அடகு வைப்பதோ, கைமாற்று வாங்குவதோதான். சம்பளக்காரனுக்கு இருபது வருடத் தவணையில் பணம் கொடுக்க ஆள் கிடையாது. காரணம் எளிது. மக்கள் வங்கியில் போடும் பணம் ஓராண்டு, மூன்றாண்டு வைப்பு. அதை இருபது ஆண்டுக்கு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, போட்டவர் திரும்பக் கேட்டால் வங்கி என்ன செய்யும்? இந்த இடைவெளியை அடைக்கத்தான் அரசாங்கம் வேண்டியிருந்தது. 1970-ல் ஹட்கோ ஏற்பட்டது. 1977-ல் ஹஸ்முக் பாரேக் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். அது தனியார் முயற்சி. பிறகு டாக்டர் சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்தபோது அவர் தலைமையில் ஒரு உயர்மட்டக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1987-ல் சட்டம் இயற்றி, 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி நிறுவப்பட்டது. நம் பக்கத்து மனிதர் ஒருவர் போட்ட அஸ்திவாரம் என்பதில் நமக்கும் ஒரு பெருமை. இந்த வங்கி நேரடியாக நம்மிடம் வருவதில்லை. வீட்டுக்கடன் கொடுப்பவர்களுக்கு அது மறுநிதி கொடுக்கும்.

அரசு ஊழியர்களான எங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. வீடு கட்டும் முன்பணம், அதாவது எச்.பி.ஏ. இதன் கணக்கு முறை பலருக்குத் தெரியாது. எச்.பி.ஏ.யில் முதலில் அசலைப் பிடிப்பார்கள், அதிகபட்சம் 180 தவணை. அது முடிந்த பிறகுதான் வட்டி, அதிகபட்சம் 60 தவணை. அதுவும் தனிவட்டி. பத்து லட்சம் ரூபாயை 9 சதவீதத்தில் இருபது ஆண்டுக்கு வங்கியில் வாங்கினால் மாதத் தவணை 8,997 ரூபாய். முதல் மாதம் அதில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். இருபது வருடத்தில் மொத்த வட்டி 11 லட்சத்து 59 ஆயிரம். அதே தொகை, அதே விகிதம், எச்.பி.ஏ. முறையில் என்றால் வட்டி சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம்தான். அசல் சீக்கிரம் கரைவதும், வட்டிக்கு வட்டி இல்லாததும்தான் வித்தியாசம். அரசாங்கம் நல்ல முதலாளியாக நடந்துகொண்ட இடங்களில் இது ஒன்று என்று நன்றியோடு சொல்வேன்.

மற்றவர்களுக்கு வருமான வரிச் சலுகை. சொந்த வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்பது 2014 முதல் உள்ள வரம்பு. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு, தான் குடியிருக்கும் வீட்டுக்கு இது கிடையாது. 2015-ல் வந்த பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவில் வட்டி மானியமும் இருந்தது. ஆக, ஒரு குடும்பம் வீட்டுக்குச் சொந்தக்காரராவதற்கு அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாக நிறையவே செய்திருக்கிறது. அதை மறுப்பவன் நான் இல்லை.

ஆனால் 2019-ல் என் மகன் புனேயில் பிளாட் வாங்கும்போது கடன் விவகாரத்துக்கெல்லாம் நான்தான் கூட அலைந்தேன். மதிப்பீட்டாளர் வந்தார். பத்திரம், வில்லங்கம், அனுமதிபெற்ற வரைபடம், சதுர அடி எல்லாம் பார்த்தார். கதவின் மரம் என்ன மரம் என்றுகூடக் கேட்டார். கூரைக்கு மேல் என்ன பூசியிருக்கிறது, மேற்குச் சுவர் எவ்வளவு கனம், இந்த வீட்டுக்குக் கோடையில் மாதம் எத்தனை யூனிட் ஆகும் என்று எவரும் கேட்கவில்லை. அது அவர் தப்பில்லை. அவர் படிவத்தில் அந்தக் கட்டமே கிடையாது. வரிச் சலுகையிலும் கிடையாது. குளிர்ச்சியாகக் கட்டிய வீட்டுக்கும் அடுப்பு மாதிரி கட்டிய வீட்டுக்கும் ஒரே சலுகைதான்.

இத்தனைக்கும் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த பி.இ.இ. நிறுவனம்தான் ஏ.சி., ஃபிரிஜ் மீதெல்லாம் நட்சத்திரம் ஒட்ட வைத்தது. குடியிருப்புகளுக்காக 2018 டிசம்பரில் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் கூரை வழியாக வெப்பம் இறங்குவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட். நம் பில்டர்கள் போடும் வெறும் கான்கிரீட் தளம் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். ஆனால் இந்த விதியை மாநிலங்களும் நகராட்சிகளும் ஏற்றுத் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் செல்லும். 2022-ல் சட்டத்தைத் திருத்திப் பெரிய குடியிருப்புகளையும் அதன் வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எங்களைப் போன்ற பழைய, சிறிய கட்டடங்களை அது தொடாது.

(நம் ஊரில் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸை நினைத்துப் பாருங்கள். தேக்கு விட்டம், குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்து இடித்த தளம், அதற்கும் மேல் தட்டோடு. என் அம்மா அதன் கீழ் மின்விசிறி இல்லாமல் மதியம் தூங்கினாள். எந்தச் சம்ஹிதாவும் படிக்காத கொத்தனார் கட்டியது.)

அரசாங்கம் நினைத்தால் முடியும் என்பதற்கு எல்.இ.டி. பல்பு நல்ல சாட்சி. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கியது. அதற்கு ஓராண்டுக்கு முன் அரசு நிறுவனம் வாங்கிய விலை பல்புக்கு 310 ரூபாய். கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டதில் 2016-ல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. ஆரம்பத்தில் சில மாநிலங்களில் பத்து ரூபாய் கொடுத்துப் பல்பை எடுத்துப் போகலாம், மீதியை மாதா மாதம் மின்கட்டண பில்லில் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பில்லில் பிடிக்கும் யோசனைதான் என் கண்ணுக்கு மிக முக்கியமானது. கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவருக்கு, மிச்சமாகும் மின்சாரத்திலிருந்தே விலையைக் கழிக்கும் வழி அது. வீட்டுக்கடனின் தத்துவமும் இதுதானே?

ரயில்வேயில் இதைக் கண்கூடாகப் பார்த்தவன் நான். 1925-ல் பம்பாய் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியதிலிருந்து, கம்பி இழுப்பதற்கு முதலில் பெரும் முதலீடு, பிறகு பல பத்தாண்டுகளுக்கு எரிபொருள் மிச்சம் என்பதே கணக்கு. எஞ்சினும் பெட்டியும் வாங்க 1986-ல் ஐ.ஆர்.எஃப்.சி. என்று தனி நிதி நிறுவனமே ஏற்படுத்தினார்கள். எஞ்சினுக்கு நீண்டகாலக் கடன் உண்டு, வீட்டுக்கு உண்டு, வீட்டின் கூரைக்கு மட்டும் ஏன் இல்லை?

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2015-ல் வைத்த இலக்கு 2022-க்குள் 40 ஆயிரம் மெகாவாட். அதில் கால் பங்குகூட எட்டவில்லை. 2024 பிப்ரவரியில் பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம் வந்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். கூடவே பிணையில்லாத வங்கிக் கடனும் உண்டு. தனி வீட்டுக்காரருக்கு இது நல்ல திட்டம். சிறு கணக்கு போடுகிறேன். மூன்று கிலோவாட் பொருத்த 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக 1,02,000. ஐந்து வருடக் கடனாக 7 சதவீதத்தில் வாங்கினால் மாதம் சுமார் 2,020 ரூபாய். இதையே இருபது வருட வீட்டுக்கடனோடு 8.5 சதவீதத்தில் சேர்த்துவிட்டால் மாதம் சுமார் 885. மொத்த வட்டி கூடும், உண்மைதான். ஆனால் தகடு இருபத்தைந்து வருடம் உழைக்கும். நாளுக்குப் பன்னிரண்டு யூனிட், மாதம் 360 யூனிட் கிடைக்கும். முதல் மாதத்திலிருந்தே தவணையைவிட மிச்சம் அதிகம்.

ஆனால் நம்மில் எத்தனை பேருக்குத் தனி வீடு? பிழைக்க வந்த ஊரில் நமக்குக் கிடைத்தது பிளாட். எங்கள் சொசைட்டியில் 20 வீடுகள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் போக மீதி சுமார் 2,000 சதுர அடி. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். ஆக மொத்தம் 20 கிலோவாட், வீட்டுக்கு ஒன்று. கூரை எல்லாருக்கும் பொது. வெயில் மட்டும் மேல்மாடி ஐந்து வீட்டுக்குச் சொந்தம்!

சென்ற ஆண்டு பொதுக்குழுவில் இதை நான் எழுப்பினேன். சொசைட்டிகளின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. லிஃப்ட், பம்ப், படிக்கட்டு விளக்குக்கு எங்களுக்கு 8 கிலோவாட் போதும். மானியம் 1,44,000. மீதிப் பணத்துக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். தனிநபருக்குத்தான் இந்தக் கடன், சங்கத்துக்கு இல்லை என்றார்கள். தனிநபராகக் கேட்டால் உங்கள் பெயரில் கூரை இல்லையே என்றார்கள். கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து போட்டோம். அதில் நான்கு வீட்டுக்காரர்கள் இன்னும் பாக்கி. தகடுகளின் நிழல் விழும் பக்கத்து வீட்டு ஹால் இந்தக் கோடையில் குளிர்ச்சியாக இருந்ததாம். என் ஹாலுக்கு மேல் தகடு இல்லை. தொட்டிதான் இருக்கிறது.

ஊரிலிருந்து என் அண்ணன் போன் செய்யும்போதெல்லாம், "இங்கே நூறு யூனிட் இலவசம்டா, உங்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்?" என்று சீண்டுவார். தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ள சலுகை அது. டெல்லியிலும் 2019-லிருந்து இருநூறு யூனிட் வரை கட்டணமில்லை. இங்கே நமக்கோ நூறு, முந்நூறு, ஐந்நூறு என்று படி ஏற ஏற விலை ஏறுகிறது. ஏழைக் குடும்பத்துக்கு இலவச யூனிட் பெரிய ஆறுதல், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் செலவாகிறது, கூரை அப்படியே இருக்கிறது. கோராடியிலும் கப்பர்கேடாவிலும் கூடுதல் நிலக்கரி எரிகிறது, அந்தப் புகையும் சாம்பலும் நமக்குத்தான்.

என் கருத்து இதுதான். வீட்டுக்கடன் மறுநிதியிலும் வரிச் சலுகையிலும் கூரைக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். விதிப்படி வெப்பம் தடுத்த வீட்டுக்கு அரை சதவீதம் வட்டி குறைந்தால் பில்டர்கள் தாமாகவே ஓடி வந்து கட்டுவார்கள். பழைய கட்டடங்களுக்கு, சொசைட்டியின் பெயரிலேயே கடன் கொடுத்து அதற்கு அரசாங்கம் உத்தரவாதம் நிற்க வேண்டும். ஒரே கூரையின் மின்சாரத்தைப் பல வீட்டு பில்களில் பங்கிடும் முறைக்கு டெல்லி 2019-லேயே விதி வகுத்தது. அது எல்லா ஊரிலும் எளிதாக வேண்டும்.

வருகிற இரண்டாவது ஞாயிறு எங்கள் பொதுக்குழு. மிச்சமுள்ள இடத்தில் என்ன செய்வது என்பது தலைப்பு. அடுத்த தகடுகள் வரும்வரை கூரை முழுக்க வெள்ளை ஓட்டுச் சில்லு பதிக்கலாம் என்று ஒரு மதிப்பீடு தயார் செய்திருக்கிறேன். கீழ்மாடிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம். முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் நம் தஞ்சாவூர்க் குடும்பம் என் பக்கம்தான். ஆனால் வாடகைதாரருக்கு ஓட்டு கிடையாது.