அளந்து பார்க்காமல் பாகம் மாற்றாதீர்கள்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களைப் பழையதாக வாங்கியவர்கள் கொண்டுவந்து காட்டும் பில்களில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். "கம்ப்ரசர் போயிடுச்சு சார்" என்று சொல்லி மாற்றினார்கள். சில மாதங்களில் புதியதும் எரிந்துபோனது. அடுத்து கன்ட்ரோல் மாட்யூல் என்றார்கள். லட்சத்தைத் தாண்டிச் செலவழித்த பிறகும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டால், காட்ட ஒரு தாள் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தொகையும், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும்தான் இருக்கின்றன.

ஆடி கியூ7, ரேஞ்ச் ரோவர், மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் போன்ற கார்கள் இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் இன்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். சஸ்பென்ஷனை ஓர் இரவு நிறுத்திவைத்துப் பார்ப்பதில்லை. காற்றுப் பைகள், அவற்றை நிரப்பும் கம்ப்ரசர், வால்வு பிளாக், சக்கரங்களருகே உயரத்தை அளக்கும் சென்சார்கள், எல்லாவற்றையும் ஆளும் மாட்யூல் என்று அமைந்தது இது. இதில் ஒன்று கெட்டால் பழி இன்னொன்றின் மேல் விழும்.

ஒரு விஷயத்தை மனத்தில் இருத்துங்கள். எரர் கோடு சொல்வது எந்த மின்சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே. 'பின் இடது உயர சென்சார், சிக்னல் இல்லை' என்று வந்தால் சென்சார் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் அந்தக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: ரப்பர் சீல் விறைத்து, நடுப் பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுத்தம் செய்து பின்னையும் சீலையும் மாற்றினால் தீர்கிற வேலை அது. அதற்குத்தான் மாட்யூலையே மாற்றுகிறார்கள்.

கோளாறு காற்றிலா, மின்சாரத்திலா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். மாலையில் சரியாக நின்ற வண்டி காலையில் ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. சோப்புத் தண்ணீர் தெளித்தாலே குமிழி காட்டும். இன்ஜின் ஓடும்போதும் வண்டி உயரவே இல்லை, கம்ப்ரசர் சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயரிங், கம்ப்ரசர் என்ற வரிசையில் பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். கசிவையும் ஒட்டிக்கொண்ட ரிலேயையும் விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால், புதியதும் ஓய்வின்றி ஓடி எரியும்.

அடுத்து பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலே பொய்யான கோடுகள் வரும். பிறகு, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைக் கம்ப்ரசருக்கு வரும் பாசிட்டிவ் வயரிலும் வைக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை வயரிலோ ரிலேயிலோ இருக்கிறது. எர்த் பக்கத்தையும் இதேபோல் அளக்க வேண்டும். உயர சென்சார்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் இயங்குபவை. சென்சாரின் இணைப்புக் கையை மெல்ல அசைத்தால் ஸ்கேனரில் மதிப்பு சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் துள்ளினால் வயரையும் கனெக்டரையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு சென்சாரைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் இதற்குப் போதாது.

உயிருக்கு உலை வைக்கும் இரண்டு செயல்களைத் தினமும் பார்க்கிறேன். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடுகிறார்கள். அப்போது ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் படுக்கிறார்கள். காற்று இறங்கினால் இரண்டு டன் எடை ஒரே நொடியில் கீழே வரும். ஜாக் மட்டும் போதாது. ஸ்டாண்டு வைக்காமல் யாரும், எந்த அவசரத்துக்கும், அடியில் போகக் கூடாது.

இனி காகிதங்கள். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் கிலோமீட்டரையும், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதையும் எழுதச் சொல்லி கையெழுத்து வாங்குங்கள். கோடுகளை அழிப்பதற்கு முன் ஸ்கேன் அறிக்கையை அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் அழித்துவிட்டால் சாட்சியம் போய்விடும். எஸ்டிமேட்டில் பாகத்தின் எண் இருக்க வேண்டும், மாற்றுவதற்கான காரணம் அளவோடு இருக்க வேண்டும். சென்சாரோ மாட்யூலோ மாற்றினால் உயர அளவீடு மறுபடி செய்யப்பட்டதும் பில்லில் வர வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, எண் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் தராதீர்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

ஏமாந்தவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலைகிறார்கள். பில் தகராறைத் தீர்க்க வேண்டிய இடம் அவை இரண்டும் இல்லை. முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்டில் எழுத்து மூலம் புகார் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்சி ஓட்டுபவரும் நுகர்வோர்தான்.

பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குத்தான் பழைய பாகம் வேண்டும் என்கிறேன். ஒர்க்‌ஷாப்பின் தவறைக் காட்ட ஸ்கேன் அறிக்கையும், இன்னோர் ஆட்டோ எலக்ட்ரீஷியனோ பொறியாளரோ எழுதிக் கொடுத்த அளவுகளும் தேவை. வெறும் ஆதங்கத்தோடு போகும் மனு நிற்காது.

பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது அப்படியில்லை. ஆணையங்களின் காலிப் பணியிடங்களை நிரப்பாமல், வாய்தா மேல் வாய்தா கொடுத்து, வழக்குகளை ஆண்டுக்கணக்கில் இழுப்பது அரசின் குற்றம். ஆனால் மனு போடுவதற்கு உங்களுக்குள்ள கெடுவில் அந்தத் தாராளம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள், அவ்வளவுதான். "சரிபண்ணித் தர்றேன் சார், அடுத்த வாரம் வாங்க" என்ற பேச்சை நம்பி அதைத் தாண்டிவிடாதீர்கள். உங்கள் பில்லில் இருக்கும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.