தசை பிடித்தால்...



நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. உங்களைப் போல டிப்ளமோதான், மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. ஆனாலும் இந்த ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபோது, போன மே மாதம் எங்கள் வீட்டில் நடந்ததுதான் முதலில் ஞாபகம் வந்தது.

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். கத்திரி வெயிலில் நாள் முழுக்க மூன்றாவது மாடிக்குச் செங்கல் சுமந்துவிட்டு வந்த அன்றிரவு, இரண்டு தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று அம்மா தைலம் தேய்த்தார். காலையில் பிடிப்பு விட்டது, வலி விடவில்லை. எழுந்து நடக்கக் காலில் பலமே இல்லை. கொல்லைப்பக்கம் போய்வந்தவர், "ஒண்ணுக்குப் போனா கருங்காப்பி மாதிரி வருது" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "எல்லாம் உடம்புச் சூடு, வெந்தயத்தை முழுங்குங்க" என்றார் அம்மா. பக்கத்தில் இருந்த எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் அப்பா "கால் வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். மற்றதைச் சொல்லக் கூச்சம். நான்தான் சொன்னேன். சீட்டு எழுதிக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று தலை நிமிர்ந்து, "இதை முதல்லயே சொல்ல வேணாமா தம்பி?" என்றார். உடனே ரத்தப் பரிசோதனை, பாட்டில் பாட்டிலாகச் சலைன். ஐந்து நாள் வார்டில் இருந்து, சிறுநீரகம் தப்பி, அப்பா வீடு வந்தார். அந்த ஐந்து நாளில் டாக்டரிடமும் நர்ஸ் அக்காவிடமும் கேட்டதையும், பிறகு நூலகத்தில் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பிடிப்பது நரம்பல்ல, தசை

தசைக்குள் ஆக்டின், மயோசின் என்று இருவகை மெல்லிய இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நரம்பு வழியாகக் கட்டளை வந்ததும் தசைக்குள் கால்சியம் வெளிப்பட, ஓர் இழை மற்றொன்றின் மேல் சறுக்கி உள்ளே போகிறது. தசை சுருங்குகிறது. 1954-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாக இதை வெளியிட்டன.

இதில் நான் ஆச்சரியப்பட்டது ஒன்று. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் சக்தி வேண்டும். நம் ஃபிட்டிங் ஷாப் வைஸை இறுக்கவும் கைப்பிடியைச் சுற்றணும், தளர்த்தவும் சுற்றணும் அல்லவா, அதுபோல. களைத்துப்போன தசைக்கு "சுருங்கு, சுருங்கு" என்று நரம்பிலிருந்து கட்டளை நிற்காமல் வந்தால் அதுவே பிடிப்பு. கிராமத்தில் குரக்களி என்போம்.

உடனே என்ன செய்வது?

முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுத்து, அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். தசைநாணில் உள்ள உணர்வு உறுப்பு அந்த இழுவையை உணர்ந்து, தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பித் தசையைத் தளர வைக்கிறது. பிறகு மெதுவாக நீவிவிடலாம்.

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. 1920-களில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில், வியர்த்துக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை நிறையக் குடித்த தொழிலாளிகளுக்குப் பிடிப்பு வந்தது. தண்ணீரில் உப்புச் சேர்த்துக் கொடுத்தபோது குறைந்தது. வெயிலில் உழைப்பவர்களுக்கு உப்புப் போட்ட மோர், நீராகாரம் நல்லது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்புக் கலந்தும் குடிக்கலாம். பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளணும்.

பரீட்சை நேரத்தில் நமக்குக் கண் இமை துடிக்கிறதே, அது நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை. தூக்கம் கெட்டு, டீயாகக் குடித்ததன் பலன். தூங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எப்போது சும்மா இருக்கக்கூடாது?

1. கடும் உழைப்புக்குப் பின் தசை வலியோடு சிறுநீர் கருத்துப் போனால்: சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற நிறமி ரத்தத்தில் கலந்து, ஆயில் ஃபில்டரில் கசடு அடைப்பதுபோல் சிறுநீரகத்தை அடைக்கும். லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட பிறகும் சிலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை, பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் 1941-இல் எழுதினார்கள். அப்பாவுக்கு வந்தது இந்த வகைதான். வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ மயங்கினாலோ உடம்பை ஈரத்துணியால் குளிரவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. காயம் பட்டுச் சில நாள் கழித்து வாய் திறக்க முடியாமல் தாடை இறுகினால்: டெட்டனஸாக இருக்கலாம். பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் வரும். துருவில்தான் விஷம் என்று நினைக்கிறோம். கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய ஊசியை நம் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பேர் போட்டிருக்கிறோம்?

3. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால்: உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்கவே கூடாது.

4. மார்பு இறுக்கி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால்: "வாய்வுப் பிடிப்பு" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம்.

5. பிடிப்போடு கை கால் பலம் குறைந்தாலோ, தசை மெலிந்தாலோ, மரத்துப்போனாலோ, அடிக்கடி வந்தாலோ டாக்டரிடம் காட்டணும்.

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். உங்களில் பலரும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ரேஷன் கடை ஃபாரம் முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை வீட்டில் நாம்தான் படித்துச் சொல்கிறோம். டாக்டரிடம் சொல்ல நம் அப்பா அம்மா கூச்சப்படுவதையும் நாம்தான் கேட்டுச் சொல்லணும். இப்போது வெயில் காலத்தில் அப்பா வேலை முடிந்து வந்தால், "என்ன கலர்ல போச்சுப்பா?" என்று கேட்கிறேன். "போடா" என்று திட்டுகிறார். திட்டிவிட்டு, பதிலும் சொல்கிறார்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை