நோயாளியும் வழிப்போக்கரும்: வழக்காடும் செலவு யாருடையது?

நீதிமன்ற வளாகங்களில் நாள்தோறும் புழங்கும் 'வக்கீல்', 'வக்காலத்து' என்னும் சொற்கள் அரபு மொழியில் தோன்றி, பாரசீகம், உருது வழியே தமிழுக்கு வந்தவை. ஃபிக்ஹு நூல்களில் 'வகாலத்' என்பது தனியொரு பாடம். தம் சார்பில் காரியமாற்றப் பிறரை நியமிப்பது பற்றிய சட்டங்கள் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. அப்பாடத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தொன்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வழக்காடுவதற்கு ஒருவர் பிரதிநிதியை நியமித்தால், எதிர்த்தரப்பின் சம்மதம் இன்றி அந்நியமனம் எதிர்த்தரப்பைக் கட்டுப்படுத்தாது என்பது இமாமவர்களின் பொது நிலைப்பாடு. ஆயினும் இரு சாராருக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். ஒருவர் நோயாளி, மற்றவர் மூன்று நாள் பயணத் தொலைவில் இருப்பவர். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் எவருக்குமே அச்சம்மதம் தேவையில்லை என்று கருதினர். 12ஆம் நூற்றாண்டில் மர்கீனானி (ரஹ்) இயற்றிய 'ஹிதாயா'வில் இவ்விவாதம் இடம்பெற்றுள்ளது.

இங்கு நோக்கற்பாலது, கருத்து வேற்றுமைக்கு நடுவிலும் இரு தரப்பாரும் ஒன்றுபடும் இடமாகும். நோயுற்றவரும் ஊர்விட்டு ஊர் வந்தவரும் தாமே மன்றத்தில் நின்று வாதாட இயலாதவர்கள். அவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களே வழக்குகளில் தமக்காகப் பேசும் பொறுப்பை முதலில் தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களிடமும், அவர் முதுமையடைந்த பின் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களிடமும் ஒப்படைத்தார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. வக்கீல் என்றதும் முகம் சுளிக்கும் நம்மவர் சிலர் இதை நினைவிற்கொள்வது நன்று.

நோய், பயணம் ஆகிய இவ்விரு நிலைகளும் ஒருவரிடமே ஒருங்கே அமைந்தால் என் செய்வது? அத்துடன் அவர் தங்க இடமற்றவராகவும் இருந்தால்? பாலாற்றுப் படுகையில் இது கற்பனையான கேள்வி அன்று.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இன்று உள்ளூர்த் தொழிலாளரோடு மேற்கு வங்கம், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் பணிபுரிகின்றனர். இவர்களுள் பலருக்கு ஆலையே வீடு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் இருந்த பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடு வெள்ளத்தில் மாண்டனர். அவர்களுள் 9 பேர் மேற்கு வங்கத்தினர். தனியே ஓர் அறை இருந்திருந்தால் அவர்கள் அங்கே உறங்கியிருக்க மாட்டார்கள். வேலைக்கு வந்த இடத்தில் வீடில்லாமை என்பது சாலையோரத்தில் படுத்திருப்பது மட்டுமன்று. கழிவுத் தொட்டியின் நிழலில் படுத்திருப்பதும் அதுவேயாகும்.

அவ்விபத்து ஒரே இரவில் நிகழ்ந்தது. தோல் தொழிலின் நோய்களோ மெல்ல வருவன. குரோமிய உப்புகளால் தோலிலும் மூக்குத் தண்டிலும் உண்டாகும் புண், பச்சைத் தோலைக் கையாள்வோருக்குத் தொற்றக்கூடிய அடைப்பான் நோய், கழிவுத் தொட்டிகளில் எழும் நச்சு வாயு ஆகியன இத்தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. குரோமியத்தால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்களாகச் சட்ட அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளன. எனினும் அவ்வட்டவணையின்படி இழப்பீடு பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அத்தொழிலாளி ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதத்திற்குக் குறையாமல் பணிபுரிந்திருத்தல் வேண்டும். மேஸ்திரி வழியாக வந்து, மூன்று மாதம் ஓர் ஆலையிலும் நான்கு மாதம் வேறோர் ஆலையிலும் வேலை செய்து, எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத ஒருவர் இதை எவ்வாறு மெய்ப்பிப்பார்? கையில் இருப்பது ஒரு மருத்துவமனைச் சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டை உரிமைக் கோரிக்கையாக மாற்றுவது வக்கீலின் பணி.

வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தகுந்த தங்குமிடமும் இலவச மருத்துவ வசதியும் அளிப்பது ஒப்பந்ததாரரின் கடமை என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அச்சட்டம் கரைந்துவிட்டது. பழைய சட்டத்தில் இருந்த இடப்பெயர்வுப் படி புதிய தொகுப்பில் இல்லை. பயணப் படி மட்டும் நிலைத்துள்ளது.

தொழிலாளர் அல்லாத வேறொரு கூட்டமும் இவ்வட்டாரத்தில் உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. என்ற பெயரில் கிழக்கு, வடகிழக்கு மாநிலத்து மக்களையும் வங்கதேசத்து மக்களையும் ஈர்க்கிறது. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகைகளைக் காணலாம். சிகிச்சை நீள நீளக் கைப்பணம் கரைந்து, விடுதியை விட்டு வெளியேறும் நிலை வருவதுண்டு. வெளிநாட்டவருக்கு விசாக் காலமும் முடிந்துவிடும். நோயாளி அன்று முதல் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி.

அரசு இதற்கு என்ன வழி வகுத்துள்ளது? 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு, பொருளாதாரக் குறையினால் எந்தக் 'குடிமகனுக்கும்' நீதி மறுக்கப்படலாகாது என்கிறது. அதை நிறைவேற்ற வந்த 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டமோ, தன் 12ஆவது பிரிவில் குடிமகன் என்னாமல் 'ஒவ்வொரு நபரும்' என்றே தொடங்குகிறது. இச்சொல் வேறுபாடு சிறிதன்று. பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழில்துறைப் பேரிடரில் பாதிக்கப்பட்டோர், காவலில் உள்ளோர் ஆகிய அனைவரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். வருமானத்தின் அடிப்படையில் கோருவோரும் பிரமாண வாக்குமூலம் ஒன்றைக் கொடுத்தாலே அதைப் போதுமானதாகக் கொள்ளலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 27ஆவது பிரிவில் மனநோயாளிகளுக்கும் இவ்வுரிமையை வழங்கியுள்ளது. அவ்வுரிமையை அவர்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பை மாஜிஸ்திரேட், காவல் அதிகாரி, மருத்துவ அதிகாரி ஆகியோர்மீது அச்சட்டம் சுமத்துகிறது. மொழி தெரியாத ஊரில் மனம் பேதலித்து அலைவோரைப் பேருந்து நிலையங்களில் கண்டும் காணாமல் கடந்து செல்கிறோமே, அவர்களுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

வெளிநாட்டவர் விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் நிலை இரு முகம் கொண்டது. 2000ஆம் ஆண்டில் ரயில்வே வாரியத் தலைவர் எதிர் சந்திரிமா தாஸ் வழக்கில், ஹவுராவில் கொடுமைக்குள்ளான வங்கதேசப் பெண்ணுக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்து, உயிர் வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று என்றது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கல்கத்தா வழக்கறிஞர் ஒருவர். பாதிக்கப்பட்டவர் தாமாக மன்றத்திற்கு வரவில்லை. 2021இல் ரோஹிங்கியர் தொடர்பான வழக்கிலோ, அவ்வுரிமை எல்லோருக்கும் உண்டு என்று ஏற்றுக்கொண்டே, நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கான வசிப்புரிமையைச் சார்ந்தது என்று கூறிவிட்டது. ஆகவே வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வாதாட வேண்டியுள்ளது.

மேலைநாடுகளிலும் இக்குறை தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவில் குடிவரவு வழக்கு உரிமையியல் வழக்காகவே கருதப்படுவதால், அரசு செலவில் வக்கீல் பெறும் பொது உரிமை கிடையாது. 2013இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, காவலில் உள்ள கடும் மனநலக் குறைபாடுடையோருக்குப் பிரதிநிதி அளிக்குமாறு ஆணையிட்டது. அதே ஆண்டு நியூயார்க் நகர மன்றம் காவலில் உள்ள குடியேறிகளுக்குப் பொது நிதியில் வக்கீல் அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. நோயைக் காரணம் காட்டித்தான் அங்கும் முதற்கதவு திறந்தது.

நம் வட்டாரத்திற்கே திரும்புவோம். தோல் கழிவினால் பாலாறு கெட்டது பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்காகும். 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவ்வழக்கில் வாதாடிய எம்.சி. மேத்தாவுக்கு வழக்குச் செலவாக 50,000 ரூபாய் வழங்குமாறு தமிழக அரசைப் பணித்தது. தீர்ப்பின் மற்றப் பகுதிகளை மேற்கோள் காட்டுவோர் இவ்வரியை விட்டுவிடுவதுண்டு. ஆனால் வக்கீலின் செலவைத் தீர்ப்பே கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதுதான் நம் விஷயத்திற்கு வேண்டியது. நீதிக்கு ஒரு விலை உண்டு. அதை யாரேனும் ஒருவர் கொடுத்தாக வேண்டும்.

இலவச சட்ட உதவி இருக்க, சமுதாயம் ஏன் தனியே செலவிட வேண்டும் என்று கேட்கலாம். சட்டப் பணிகள் ஆணையம் வக்கீலின் கட்டணத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் ஏற்கும். ஆனால் விசாரணை நடக்கும் மாதங்களில் நோயாளி எங்கே தங்குவார், என்ன உண்பார், மருந்து எவ்வாறு வாங்குவார், ஊருக்குப் போய்த் திரும்பும் ரயில் கட்டணத்திற்கு யாரிடம் கேட்பார் என்பன சட்ட உதவியின் கணக்கில் வருவதில்லை. தொழிலாளி வழக்கைக் கைவிட்டு ஊர் திரும்புவதற்கு வக்கீல் இல்லாமை மட்டும் காரணமன்று. தங்க இடமில்லாமையும் காரணம். வாய்தா தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பின் கை ஓங்குகிறது.

இவ்விடத்தில்தான் ஜகாத்தின் எட்டுப் பிரிவினருள் ஒருவரான 'இப்னுஸ் ஸபீல்', அதாவது வழிப்போக்கர், பொருந்தி வருகிறார். சொந்த ஊரில் செல்வராயினும், வந்த இடத்தில் கையறு நிலையில் உள்ளவருக்கு இப்பங்கு உண்டு. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்காக இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) எழுதிய ஜகாத் விளக்கத்தை அபூஉபைத் (ரஹ்) தம் 'கிதாபுல் அம்வா'லில் பதிவு செய்துள்ளார். தங்க வீடோ சேர உறவோ இல்லாத வழிப்போக்கருக்கு, அவர் இடம் கண்டடையும் வரை அல்லது வந்த காரியம் முடியும் வரை உணவளிக்க வேண்டும் என்பது அவ்விளக்கத்தின் கருத்து. 'வந்த காரியம் முடியும் வரை' என்பது வழக்கு முடியும் வரை எனவும் பொருள்படும் என்று கொள்வதில் தவறில்லை என்பது நம் கருத்து.

வக்கீல் கட்டணத்தையே ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா என்பது சற்றுச் சிக்கலான கேள்வி. ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பொருளை ஏழையின் கையில் உடைமையாக ஒப்படைக்கும் 'தம்லீக்' இன்றியமையாதது. கட்டணத்தை நேரே வக்கீலுக்கு அனுப்பினால் அது நிறைவேறாது. எனினும் உயிருடனுள்ள ஏழைக் கடனாளியின் கடனை அவருடைய அனுமதியோடு அடைப்பது கூடும் என ஹனஃபி அறிஞர்கள் கூறியுள்ளனர். கட்டணம் அவர்மீது கடனாகிவிட்ட பின் இவ்வழி திறக்கிறது. இமாம் காஸானீ (ரஹ்) 'ஃபீ ஸபீலில்லாஹ்' என்பதை எல்லா நற்பணிகளுக்கும் விரித்துப் பொருள் கொண்டாலும், பெறுபவர் தேவையுடையவராயிருத்தலை அவரும் வலியுறுத்துகிறார். உணவு, வாடகை, மருந்து, பயணம் ஆகியவற்றுக்கான பணத்தை நோயாளியின் கையிலேயே கொடுப்பதில் இச்சிக்கல் எதுவும் எழுவதில்லை. அரசு தராததை ஜகாத் தரலாம். ஜகாத்தில் ஐயமுள்ளதை அரசு தருகிறது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

வந்தோர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். பெரும்பான்மை அறிஞர்களின் கருத்தில் ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது. ஏனையோருக்கு ஸதகாவும் வக்ஃபும் உள்ளன. மக்காவில் கூட்டமோ குலமோ இல்லாத யமன் நாட்டு வியாபாரியின் சரக்குக்கு விலை கொடாமல் ஏமாற்றியபோது உருவான 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கை, நபித்துவத்திற்கு முன் நிகழ்ந்தது. அதை நபி (ஸல்) அவர்கள் பின்னாளிலும் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். 1326இல் டமாஸ்கஸ் வந்த இப்னு பதூதா அங்கு கண்ட வக்ஃபுகளில் வழிப்போக்கருக்கு உணவும் உடையும் ஊர் திரும்பும் செலவும் அளிப்பதற்கென்றே ஒரு வகை இருந்ததைக் குறிப்பிடுகிறார். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய ஆட்சியில் பண வக்ஃப் கூடுமா என்று அபுஸ்ஸுஊதும் பிர்கிவீயும் எதிரெதிரே வாதிட்டனர். நடைமுறையில் அபுஸ்ஸுஊதின் கருத்தே நிலைத்தது. நிலம் இல்லாமலும் ஒரு நிதியை நிறுவ அது முன்மாதிரி.

தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தை நம் முன்னோர் கல்விக்கு வாரி வழங்கினர். 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்த அப்துல் ஹக்கீம் கல்லூரியும் அதற்குச் சான்று. மருத்துவத்திற்கும் கொடை உண்டு. வழக்காடுவோர்க்கென ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் மட்டும் வேரூன்றவில்லை. எதிர்த்தரப்பில் நிற்பவர் சில வேளைகளில் கொடையாளரின் நண்பராகவோ உறவினராகவோ இருக்கக்கூடும் என்பது இதற்கொரு காரணமாகலாம். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆகவே இத்தகைய நிதியின் பொறுப்பு, ஆலை உரிமையாளர்களின் சங்கத்திலிருந்து விலகி நிற்போரிடம் இருத்தல் வேண்டும். வக்ஃப் வாரியத்தின் கீழ் வராத அறக்கட்டளையாக அதை அமைக்க 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே இடமளிக்கிறது. தனி அமைப்பு வேண்டாதோர், மாநில சட்ட உதவி நிதிக்கு எவரும் நன்கொடை அளிக்கலாம் என்னும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவைப் பயன்படுத்தலாம்.

நிதி தோன்றும்வரை காத்திராமல் செய்யத்தக்கவையும் சில உள. வேலை விபத்து, தொழில்நோய் இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் கால வரம்பு 2 ஆண்டு. விபத்து நடந்த இடத்தில் மட்டுமின்றி, தொழிலாளியோ அவர் இறந்தால் அவருடைய குடும்பத்தாரோ வாழும் இடத்திலும் மனு கொடுக்கலாம் என்று 1995இலேயே சட்டம் திருத்தப்பட்டது. மால்டாவிலோ முர்ஷிதாபாத்திலோ இருக்கும் ஒரு விதவை இதற்காக ஆம்பூர் வர வேண்டியதில்லை. இச்செய்தி வங்காளியில் ஒரு தாளில் அச்சாகி, 15100 என்னும் சட்ட உதவித் தொலைபேசி எண்ணுடன் டேனரி வாசல்களிலும், சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள விடுதிகளிலும், ஜும்ஆப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும். மொழிபெயர்க்க வல்லவர்கள் அவ்விடுதிகளிலேயே இருக்கிறார்கள்.